பதினோரு ஒன்றுகள்

என் ரஹ்மத் லாத்தா,

கடையநல்லூரில் உங்களை அடக்கி வைத்திருக்கும் இடத்துக்குள், பெண்ணான நான் வந்து நின்று பேச முடியாது. அதனால் காகிதத்தை எடுத்தேன். நம்முடைய எண்ணைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. கேட்டால் வருத்தப்படுவீர்களோ என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். போனவர்களை வருத்தப்படுத்த முடியுமா என்று கேட்பார்கள். முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நேரே செய்திக்குப் போகவில்லை. விடையை முதல் வரியிலேயே எழுதிவிடுகிற பிள்ளையை நாம் இரண்டு பேருமே நம்பியதில்லை, இல்லையா? தவிர, நம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக அங்கங்கே நின்று விளக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் நாம் இருவரும் கணக்கு டீச்சர்கள். நீங்கள் கடையநல்லூரிலிருந்து காலைப் பாசஞ்சரில் வருவீர்கள். நான் உள்ளூர். கடையநல்லூரில் அக்காவை லாத்தா என்பார்கள். உங்கள் தங்கை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு நானும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டேன்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்த சமயம் அது. ஊர்ப் பெண்களோடு நானும் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளியூரில் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கு மாற்றல் கிடைக்க வேண்டும் என்று நேர்ந்திருந்தேன். சுற்றிய கணக்கு மறந்துவிடாமல் இருக்க, பள்ளிக்கு வந்ததும் ஆசிரியர் அறை அலமாரிக் கதவின் உட்புறம் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பேன். ஒரு நாள் நீங்கள் அந்தக் கதவைத் திறந்தீர்கள்.

"ஏட்டி கோமதி, யாரு இவ்வளவு பெரிய எண்ண எழுதிப் போட்டுருக்கது?"

"எண்ணு இல்ல லாத்தா. சுத்துக் கணக்கு."

"சுத்தோ கித்தோ. எழுதிட்டல்லா? இப்ப இது எண்ணுதான்." மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு எண்ணினீர்கள். பதினோரு கோடுகள். பிறகு ஒரே மூச்சில் சொன்னீர்கள். "ஆயிரத்து நூத்திப் பதினோரு கோடியே பதினோரு லெச்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு!"

அந்தப் பெயரே ஒரு தாலாட்டுப் போல இருந்தது. அறையில் இருந்த தையல் டீச்சர் சரோஜா கூடத் துணியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"இது பகா எண்ணா இருக்குமோட்டி?" என்று என்னிடம் கேட்டீர்கள். நம் கதை அங்கேதான் தொடங்கியது.

வாசிக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பிள்ளைகளை டிரில்லுக்கு நிறுத்தினால் மூன்று வரிசையாக நிறுத்தலாம், நான்கு வரிசையாகவும் நிறுத்தலாம். யாரும் மிஞ்சமாட்டார்கள். பதின்மூன்று பிள்ளைகள் வந்துவிட்டால் டிரில் டீச்சருக்குத் தலைவலி. இரண்டாகப் பிரி, மூன்றாகப் பிரி, நான்காகப் பிரி, எப்போதும் ஒருத்தி தனியாக நிற்பாள். அப்படிச் சமமாகப் பங்கு போக மறுக்கிற எண்தான் பகா எண். பதின்மூன்றுக்கு இதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆயிரம் கோடிக்கு மேல் போன ஓர் எண்ணுக்கு யார் சொல்வது?

நீங்கள் சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. அன்று மத்தியானமே ஒன்றுகளை மட்டும் சேர்த்து எழுதி ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தீர்கள். இரண்டு ஒன்றுகள் சேர்ந்தால் 11, அது உடையாது. மூன்று ஒன்றுகள் 3, 37 என்று உடைந்தன. நான்கு, 11 பெருக்கல் 101. ஐந்து ஒன்றுகள் கொஞ்சம் அடம்பிடித்து 41 பெருக்கல் 271 என்று பிரிந்தன. ஆறு பொலபொலவென்று உதிர்ந்தது. ஏழு ஒன்றுகள்தான் நம்மை ஒரு வாரம் அலைக்கழித்து, கடைசியில் 239 பெருக்கல் 4649 என்று வழிக்கு வந்தன. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் உடையும் என்பது எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எட்டு ஒன்றுகளை நான்கு நான்காக வெட்டலாமே. பதினொன்றை அப்படி வெட்ட முடியாது. அதனால் அடுத்த சந்தேகம் நம் அலமாரிக் கதவுதான்.

அப்புறம் நீங்கள் கண்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. ஐந்து ஒன்றுகளை உடைத்தவை 41-ம் 271-ம். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 40, 270. இரண்டிலும் பத்து போகிறது. பத்து என்பது ஐந்தின் இருமடங்கு. ஏழு ஒன்றுகளை உடைத்தவை 239-ம் 4649-ம். ஒன்றைக் கழித்தால் 238, 4648. இரண்டிலும் பதினான்கு போகிறது. பதினான்கு ஏழின் இருமடங்கு.

"அப்ப நம்ம பயல ஒடைக்க வாரவன் இருவத்திரெண்டோட மடங்குல ஒண்ணு கூடுனவனாத்தான் இருக்கணும். வேற எவனும் கிட்ட வரப்பிடாது" என்றீர்கள்.

நிரூபணம் நம்மிடம் இல்லை. ஆனால் பாதை கிடைத்துவிட்டது. முதல் ஆள் 23. அடுத்து, தானே உடைகிற 45-ஐ விட்டுவிட்டு, 67. பிறகு 89, 199, 331 என்று ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டினார்கள். காலையில் ரயிலில் நீங்கள் வகுப்பீர்கள். மத்தியானம் பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் நான் அதையே தனியாக வகுப்பேன். இருவருக்கும் ஒரே மீதி வந்தால்தான் அந்த எண்ணை அடிப்போம். அதுதான் நம் சட்டம்.

"இருவத்தி மூணுக்கு மீதி பத்து."

"எனக்கும் பத்து லாத்தா."

"அறுவத்தேழுக்குப் பதினெட்டு. எம்பத்தொம்பதுக்கு ஆறு. நம்ம பய தப்பிச்சுட்டான்!"

"ரெண்டு பேரும் யாருக்குட்டி ஜாதகம் பாக்கிய?" என்பாள் சரோஜா.

"ஒனக்குத்தான். ஒம் மாமியாரு எப்பம் ஊருக்குப் போவான்னு கணிச்சிக்கிட்டு இருக்கோம்" என்பீர்கள் நீங்கள்.

அந்த வகுத்தல் மற்ற வகுத்தலைப் போல இல்லை. மேலே எல்லாமே ஒன்று. ஒன்றை இறக்கு, வகு, மீதியை எழுது. மறுபடியும் ஒன்றை இறக்கு. பாம்புக்கோவில் சந்தை தாண்டி ரயில் போகிற தாளத்திலேயே கை போகும் என்று நீங்கள் சொல்வீர்கள். மேற்கே மலை நீலமாகக் கூடவே வரும், ஒன்றை இறக்குவீர்கள். ஆட்டுக் கிடை ஒன்று கடந்துபோகும், ஒன்றை இறக்குவீர்கள். கணக்குப் போடுகிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது என்பீர்கள்.

ஒரு சாயங்காலம் உங்களை வழியனுப்ப ரயிலடிக்கு வந்திருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், என்ன வேலை, வீட்டுக்காரர் துபாயா, எத்தனை பிள்ளை. கடைசிக் கேள்விக்கு நீங்கள் சிரித்துவிட்டு, "பள்ளிக்கூடம் நெறயா இருக்காவ" என்றீர்கள். அந்த அம்மா எழுந்து போனதும் நான் பேச்சை மாற்ற நம் எண்ணை எடுத்தேன். எனக்கென்னவோ அது உடையும் என்றுதான் தோன்றுகிறது என்றேன்.

"ஒடையப்பிடாதுட்டி" என்றீர்கள். விளையாட்டுக் குரல் இல்லை. "பள்ளிக்கூடத்துக்குப் பாதி, மிச்சத்துல மாமியா வீட்டுக்குப் பாதி, அதுலயும் மிச்சம் இருக்கதுல அவுக வார மாசத்துக்குன்னு பாதி. என்னைய எல்லாரும் வகுத்து எடுத்துக்கிட்டாவ. எனக்குன்னு எதாவது ஒண்ணு முழுசா நிக்கணும். யாரு வந்து வகுத்தாலும் மீதி வச்சிட்டுத்தான் போகணும்."

அதற்குப் பிறகு நான் 'உடையும்' என்று வாயால் சொன்னதே இல்லை. அப்போதிருந்து ஒவ்வொரு மீதியும் எனக்கும் நல்ல செய்தியாகிவிட்டது.

காதர் காக்கா துபாயிலிருந்து கால்குலேட்டர் கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டுக்காரரை, உங்கள் ஊரில் அண்ணனைச் சொல்வது போல, நானும் காக்கா என்றுதான் கூப்பிட்டேன். விருந்துக்கு வந்திருந்த என் முன்னால் அந்தப் பெட்டியை ஒரு மருத்துவரைப் போலத் திறந்தார்.

"வருசக்கணக்கா ரெண்டு டீச்சரும் பாடாப் படுதீங்களே. ரெண்டு நிமிசம்." ஒன்றை அமுக்கினார், அமுக்கினார், பதினோரு தடவை அமுக்கினார். பிறகு பதினொன்றால் வகுத்தார். "இந்தா! பத்து லெச்சத்துப் பத்தாயிரத்து நூத்தியொண்ணு. மீதியே இல்ல. பதினொண்ணுக்குப் பதினொண்ணே போகும்னு இதுக்கா இத்தன வருசம்?"

உங்கள் முகம் ஒரு கணம் விழுந்ததை நான் பார்த்தேன். என் முகமும் விழுந்திருக்கும். பிறகு நீங்கள் அந்தக் கருவியை வாங்கி, மறுபடி ஒன்றுகளை அமுக்கி, திரையில் விரல் வைத்து எண்ணினீர்கள். எட்டு ஒன்றுகள்தான் இருந்தன. அதற்கு மேல் அமுக்கிய எதையும் அது வாங்கிக்கொள்ளவில்லை.

"மச்சான், மூணு ஒண்ணக் காணோம்."

"எங்கன போச்சு?"

"பம்பாய்ல கஸ்டம்ஸ்காரன் எடுத்துக்கிட்டான் போல. கேட்டு வாங்கிட்டு வாங்க."

காக்கா சிரித்த சிரிப்பில் பிரியாணித் தட்டே ஆடியது. வெறும் எட்டு ஒன்றுகள்தான் பதினொன்றால் வகுபட்டன. நம் பயல் பத்திரமாக இருந்தான்.

பிறகு மஞ்சள் காமாலை. கோடை விடுமுறையில் உங்களைப் பார்க்க வந்தேன். கண் மஞ்சளாக இருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"இப்பம் எதுல நிக்கோம்?"

"எட்டாயிரத்துச் சொச்சத்துல லாத்தா."

"மீதி?"

"மீதி இருக்கு."

"அப்பச் சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். பள்ளி திறந்தபோது காலைப் பாசஞ்சர் வந்தது. நீங்கள் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் வகுக்கவில்லை. சரிபார்க்க இன்னொரு கை இல்லாமல் அடித்தால் அது நம் சட்டத்துக்கு விரோதம் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். ஓய்வு பெற்று வீட்டோடு ஆனபின்தான் மத்தியானங்கள் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. ஊர் மாறிவிட்டது லாத்தா. தெருவுக்கு ஒரு வீட்டில் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் படம் ஓடும்போது நடுத்தெருவில் படுத்துக்கொண்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பின்தெருவில் விசைத்தறிகள் பெருகிவிட்டன. சத்தத்தோடு சத்தமாக நான் மறுபடி ஒன்றை இறக்கத் தொடங்கினேன். முதல் தடவை நானாக வகுப்பேன். இரண்டாவது தடவை நீங்கள் வகுப்பது போல, உங்கள் சாய்ந்த எழுத்தில் வகுப்பேன். அது சரிபார்த்ததாகுமா? வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்பதாயிரம், பத்தாயிரம், பதினைந்தாயிரம். எல்லோரும் மீதி வைத்துவிட்டுப் போனார்கள். இனி உடையாது என்றே நம்பத் தொடங்கிவிட்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். முறை 21649-க்கு. ஆறு ஒன்றுகளில் ஐந்து தடவை போனது. ஒன்றை இறக்கினேன், வகுத்தேன், மீதி. ஒன்றை இறக்கினேன். பத்தாவது ஒன்று வந்தபோது மீதி 19484. கடைசி ஒன்றை இறக்கினேன். 194841. ஒன்பதால் பெருக்கிப் பார்க்கிறேன். 194841.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய், தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. கழிக்க வேண்டிய இரண்டு எண்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே மாதிரி இருந்தன. கழிக்கத்தான் கை வரவில்லை. நாற்பது வயதில் கண் மங்கியவளுக்கு இப்போது எப்படி இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று நினைத்தேன். உங்கள் எழுத்தில் ஒரு தடவை போட்டேன். அப்போதும் பூஜ்யம்தான். என் விடை தப்பாக இருக்க வேண்டும் என்று வாழ்நாளில் முதன்முறையாக ஆசைப்பட்டேன்.

ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று என்பது 21649 பெருக்கல் 513239. சொல்லிவிட்டேன், லாத்தா. நம் எண் உடைந்துவிட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பாசஞ்சர் ஏறிக் கடையநல்லூருக்குப் போனேன். காதர் காக்கா துபாயை முடித்துக்கொண்டு வந்து வீட்டோடு இருக்கிறார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. காகிதத்தைக் காட்டினேன். உள்ளே போய் அந்தக் கால்குலேட்டரை எடுத்துவந்தார். இரண்டு எண்களையும் அமுக்கிப் பெருக்கினார். திரையின் மூலையில் ஓர் எழுத்து எரிந்தது. இவ்வளவு பெரியது எனக்குத் தாங்காது என்று அதற்கு அர்த்தம்.

"இது ஒத்துக்கிட மாட்டேங்குதும்மா" என்றார். "அவள மாதிரியே."

சிரித்தோம்.

"காக்கா, இத லாத்தாட்ட எப்படிச் சொல்ல?"

"சொல்லாம இருக்காத" என்றார். "அந்தக் காலத்துல எனக்கு கேசட்டுல பேசி அனுப்புவால்லா. ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, கடைசில ஒரு வார்த்தை சொல்லுவா. 'நம்ம எண்ணு இன்னும் நிக்கி மச்சான்'னு. எனக்குக் கணக்கு என்ன தெரியும்? அதக் கேட்டா அவ நல்லாருக்கான்னு தெரியும். ரூம்ல இருக்க பயலுவ கூடக் கேப்பானுவ, 'காதர் பாய், எண்ணு நிக்கா?'ன்னு. அவளுக்குப் பொய் பிடிக்காது. நிக்கலன்னா நிக்கலன்னு சொல்லிரு."

அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் லாத்தா, உடைந்தது என்பதோடு பேனாவை வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த இரண்டு துண்டுகளும் மறுபடி உடையுமா என்று பார்க்க உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பார்க்கவே வேண்டாம் என்று. அவற்றை உடைக்க வருகிறவன் நம் எண்ணையும் உடைத்திருப்பான். 513239-ஐ ஒருவன் உடைக்க வேண்டுமென்றால் எழுநூற்றுச் சொச்சத்துக்குள்ளேயே ஒருத்தன் அகப்பட்டிருக்க வேண்டும். எழுநூற்றுக்குள் இருந்த எல்லோரையும் முதல் வருஷத்திலேயே நீங்கள் ரயிலில் வகுத்து, மீதி கண்டு அனுப்பிவிட்டீர்கள். ஆக அந்த இரண்டும் இனி உடையாது. அதற்குக் காவல் உங்கள் கைதான். வீண் வேலை என்று சரோஜா சொன்ன அத்தனை மீதிகளும் இன்றைக்கு அந்த இரண்டு எண்களையும் சுற்றி நிற்கின்றன.

இன்னொன்று. இந்த இரண்டைத் தவிர வேறு எந்த இரண்டு எண்களைப் பெருக்கினாலும் நம் எண் வராது, ஒன்றையும் அதையுமே பெருக்கினால் தவிர. உலகத்தில் எண்களுக்குக் கணக்கில்லை. அவ்வளவு கூட்டத்தில் இந்த இரண்டு மட்டும்தான். இதைத் துண்டுபட்டது என்று சொல்வதா, இன்னார் இன்னாரால் ஆனது என்று சொல்வதா? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தெரிந்தவர் ஒருவருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். பதினோரு ஒன்றுகள் உடையும் என்பது வெகுகாலத்துக்கு முன்பே தெரிந்த விஷயமாம். நாம்தான் கண்டுபிடித்தோம் என்பதற்கில்லை. கேட்டதும் கொஞ்சம் சப்பென்று இருந்தது, பிறகு சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நீங்கள் பார்த்துச் சொன்ன இருமடங்கு விதி உண்மை என்று எழுதியிருந்தார். நிரூபணத்தையும் ஒரு பக்கத்தில் அனுப்பியிருந்தார். அதைப் படித்தபோது உங்கள் விதி எனக்கு முன்னால் எழுந்து நின்றது போல இருந்தது.

கடிதத்தின் அடியில், கேட்காத ஒன்றையும் அவர் எழுதியிருந்தார். பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருகிற எண் பகா எண்ணாம். யாரோ எப்போதோ நிறுவிவிட்டார்களாம். எதாலும் வகுபடாது. யார் வந்து வகுத்தாலும் மீதி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

லாத்தா, நீங்கள் கேட்டது இருந்திருக்கிறது. நாம் இன்னும் எட்டு ஒன்றுகள் நடந்து போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறர் சொல்லி நம்புகிற வழக்கம் நமக்கு இல்லை. பத்தொன்பதின் இருமடங்கு முப்பத்தெட்டு. முப்பத்தெட்டின் மடங்கில் ஒன்று கூடியவர்களில் முதல் பகா எண் 191. நாளை மத்தியானம் அதில் தொடங்குகிறேன். நூறு ஜென்மம் எடுத்தாலும் முடியாத கணக்கு இது. முடியாதது என்பதால்தான் எடுக்கிறேன். ஒரு தடவை என் கையிலும் ஒரு தடவை உங்கள் கையிலும் போட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு மீதியையும் காதர் காக்காவுக்கு எழுதி அனுப்புவேன், கடைசி வரியில், உங்கள் வார்த்தையிலேயே, "இன்னும் நிக்கி" என்று. என் கை ஓயும்வரைக்கும் இதை நிறுத்த மாட்டேன். இது சத்தியம்.

வகுத்துக்கொண்டே இருக்கும்
உங்கள் தங்கச்சி,
கோமதி
சங்கரன்கோவில்